பழைய தாலுகா ஆபீஸில் ஒரு கல்யாண மேஜை

வித்தூன் வாத்தியாருக்குப் பொய் சொல்ல வராது. வாழ்நாள் முழுக்கக் கணக்குப் பாடம் நடத்தியவர். சட்டைப் பையில் எதையாவது ஒளித்து வைத்தால் கை தானாகவே அங்கே போய்விடும். அன்று காலை அவர் கை அங்கேயே போய்க்கொண்டிருந்தது.

"என்ன வாத்தியாரே, நெஞ்சு வலிக்குதா?" கண்ணாடியிலிருந்து திரும்பாமலே கேட்டாள் அவர் மனைவி பிகுன்.

"இல்லியே."

"அப்புறம் ஏன் நெஞ்சையே தடவிட்டு நிக்கிறீங்க?"

"இஸ்திரி சரியா விழல."

"அது நான் போட்ட இஸ்திரி."

வாத்தியார் அதற்கு மேல் வாயைத் திறக்கவில்லை. எங்கள் பாக் வாங் ஊரில் பிகுனின் நூடுல்ஸ் கடையில் சாப்பிட்ட யாரும் அவளிடம் அதற்கு மேல் வாயைத் திறப்பதில்லை.

பையில் இருந்தவை இரண்டு அடையாள அட்டைகளின் நகல்கள். ஒன்று அவருடையது. இன்னொன்றை அவளுக்குத் தெரியாமல் அலமாரியிலிருந்து உருவியிருந்தார். காரணம், போன வாரம் ஆஸ்பத்திரியில் நடந்தது. நெஞ்சுவலியோடு அவரை ஸ்ட்ரெச்சரில் தள்ளிக்கொண்டு போனபோது கையெழுத்துப் போட முன்னால் வந்தவள் பிகுன்தான். நர்ஸ் அவள் அட்டையை வாங்கிப் பார்த்துவிட்டு, "குமாரி பிகுன்னு போட்டிருக்கே, நோயாளிக்கு நீங்க யாரும்மா?" என்று கேட்டாள். பொண்டாட்டி என்றாள் பிகுன். "பதிவு பண்ணியிருக்கீங்களா?" என்ற அடுத்த கேள்விக்கு இல்லை என்று தலையாட்டினாள். மகள் கனித்தா ஓடி வந்து கையெழுத்துப் போடும்வரை அவள் சுவரோரமாக நின்றாள். வலியை வித்தூன் மறந்துவிட்டார். அந்த முகத்தை மறக்க முடியவில்லை.

எங்கள் ஊரில் இது ஒன்றும் அதிசயமில்லை. பிக்குகள் வந்து ஓதுவார்கள், பெரியவர்கள் மணிக்கட்டில் வெள்ளை நூல் கட்டுவார்கள், சங்கிலிருந்து தண்ணீர் ஊற்றுவார்கள், ஊரே சாப்பிட்டுவிட்டுப் போகும். அதுதான் கல்யாணம். தாலுகா ஆபீஸுக்குப் போய்ப் பதிவு செய்வது என்பது வங்கியோ ஆஸ்பத்திரியோ கழுத்தைப் பிடிக்கும்போது ஞாபகம் வரும் சங்கதி.

ஆனால் வித்தூனுக்கு அது வெறும் சங்கதி இல்லை. முப்பத்தாறு வருஷமாக ஒவ்வொரு புது வருஷமும் கேட்டுப் பார்த்துவிட்டார். பிகுன் ஒவ்வொரு தடவையும் ஒரு சாக்குச் சொன்னாள். இவள் என்னை முழுசாக நம்பவில்லை, ஒரு கதவைத் திறந்தே வைத்திருக்கிறாள் என்று அவர் முடிவு கட்டியிருந்தார். அந்த நினைப்பு அவரை உறுத்திக்கொண்டே இருந்தது. அதை அவளிடம் சொல்லாமல் இருப்பது ஒன்றுதான் அவருக்குத் தெரிந்த பொய்.

இன்று காதலர் தினம். பழைய தாலுகா ஆபீஸ் இன்று முதல் ஊர் அருங்காட்சியகம். அதன் பொறுப்பாளர் வேறு யாருமல்ல, கனித்தாதான். அந்தக் காலத்தில் அங்கே கல்யாணம் பதிந்த எல்லாரும் வர வேண்டும் என்று பத்து நாளாக ஒவ்வொரு கிராமத்து ஒலிபெருக்கியிலும் அவள் குரல் கத்திக்கொண்டிருந்தது. அப்பா அம்மாவும் அங்கேதான் பதிந்தார்கள், ஆஸ்பத்திரியில் கையில் பத்திரம் இல்லாததுதான் சிக்கல் என்று அவள் நினைத்திருந்தாள். இவர்களைக் கேட்காமலே பட்டியலில் பேரையும் சேர்த்துவிட்டாள்.

"நீங்க பேசாம நில்லுங்க, நான் பாத்துக்கறேன்," என்று பிகுன் முந்தின நாளே சொல்லிவிட்டாள். "பொண்ணு மொகம் வாடக் கூடாது. ரெண்டு வார்த்தை சொல்லிட்டு வந்துடுவோம். யாரு தோண்டிப் பாக்கப் போறா?"

வித்தூனின் திட்டமே வேறு. பழைய ஜோடிகளின் நிகழ்ச்சி முடிந்ததும், அதே மேஜையில் துணைப் பதிவாளர் வந்து உட்கார்ந்து புது ஜோடிகளுக்கு நிஜமாகவே பதிவு செய்து கொடுப்பதாக ஏற்பாடு. அந்தப் பதிவாளர் தவாட் வித்தூனின் பழைய மாணவன். "ரெண்டு பேரோட அட்டையையும் கொண்டு வாங்க, வாத்தியாரே. மத்தத நான் பாத்துக்கறேன்," என்று சொல்லியிருந்தான்.

ஆக, ஆளுக்கொரு திட்டத்தோடு, பக்கப்பெட்டி வைத்த மோட்டார் சைக்கிளில் இரண்டு பேரும் கிளம்பினார்கள். ஓட்டியது பிகுன். சின் என்ற பட்டுச் சுற்றுப்பாவாடையைக் கசங்காமல் முழங்காலுக்கு மேல் தூக்கிச் செருகிக்கொண்டு, காதில் மல்லிகையோடு ஓட்டினாள். வாத்தியார் பெட்டியில் ஒரு கூடையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கூடையில் வாழைப்பழம் வைத்து வேகவைத்த ஒட்டரிசிப் பொட்டலங்கள் இருந்தன. கல்யாணம் என்றால் அதை ஜோடி ஜோடியாகத்தான் கட்டுவார்கள்.

அந்தப் பழைய கட்டடத்தை இப்போது பார்த்தால் யாரும் நம்பமாட்டார்கள். நெடுஞ்சாலைப் பக்கம் கண்ணாடி வைத்த புது ஆபீஸ் வந்த பிறகு இது வௌவால்கள் குடித்தனம் செய்த இடம். இன்று தேக்குச் சுவருக்கு இளமஞ்சள் அடித்து, ஜன்னல்களுக்குப் பச்சை பூசி, படிக்கட்டுக் கைப்பிடியில் சாமந்தி சுற்றியிருந்தார்கள். படிக்குக் கீழே செருப்புகள் மலையாகக் குவிந்திருந்தன.

"பிகுன் அக்கா! இங்க பாருங்க கூத்த!" கீழே தூண்களுக்கு நடுவிலிருந்து கூப்பிட்டாள் லம்யோங். சந்தையில் மீன் விற்கிறவள். அவள் காதில் விழுந்த சங்கதி மீன் கெடுவதற்கு முன்னால் ஊர் முழுக்கப் போய்விடும். "லாக்கப்புல காப்பிக் கடை வச்சிருக்காங்க! எங்க வீட்டுக்காரர் சூதாடிட்டு உக்காந்த அதே மூலை. இப்ப மெத்தை போட்டு ஐஸ் காப்பி குடுக்கறாங்க."

"அப்பவே மெத்த போட்டிருந்தா அவரு வீட்டுக்கே வந்திருக்க மாட்டாரு," என்றாள் பிகுன்.

"வந்து மட்டும் என்ன கிழிச்சாரு?" என்று லம்யோங் சிரித்தாள். அவள் வீட்டுக்காரர் பக்கத்திலேயே நின்று காப்பியை உறிஞ்சிக்கொண்டிருந்தார். அவரும் சிரித்தார்.

மேலே கூடத்தில் நல்ல கூட்டம். சுவரில் பழைய தாலுகா அதிகாரிகள் எல்லாரும் வெள்ளைச் சீருடையில் வரிசையாக முறைத்துக்கொண்டிருந்தார்கள். துப்பாக்கி உரிமம் கொடுத்த கம்பிக் கவுண்டருக்குள் ஒரு குழந்தை புகுந்துகொண்டு வெளியே வரமாட்டேன் என்றது. வித்தூன் ஒரு கண்ணாடிப் பெட்டி முன்னால் நின்றார். அதில் எருமைகளுக்குக் கொடுத்த உரிமைப் பத்திரம் இருந்தது. கொம்பு எப்படி, சுழி எங்கே, காதில் என்ன மச்சம் என்று எல்லாம் எழுதி முத்திரை குத்தியிருந்தது.

"எருமைக்குக்கூடப் பத்திரம் இருந்திருக்கு பாரு," என்றார்.

"எருமை காணாமப் போகும், வாத்தியாரே. நான் எங்க போகப் போறேன்?"

வழக்கமாக இந்த மாதிரிப் பதிலுக்கு அவர் சிரித்துவிடுவார். இன்று சிரிக்கவில்லை. அவள் அதைக் கவனித்தாள். கவனிக்காத மாதிரி கூடையைத் தூக்கிக்கொண்டு நடந்தாள்.

கல்யாணம் பதிந்த அறை கிழக்குக் கோடியில் இருந்தது. ஆற்றைப் பார்த்த ஜன்னலோரமாகப் பழைய மேஜையைப் போட்டு வெள்ளைத் துணி விரித்திருந்தார்கள். ஒலிவாங்கியோடு கனித்தா நின்றாள். அம்மாவின் உயரம், அப்பாவின் மூக்குக் கண்ணாடி. இரண்டு வருஷமாக இந்தக் கட்டடத்துக்காக நகராட்சியோடு சண்டை போட்டவள். அன்று அவள் முகத்தைப் பார்த்த யாருக்கும் அவளைப் பிடித்துப்போயிருக்கும்.

பழைய ஜோடிகள் வரிசையாக வந்தார்கள். ஒரு தாத்தா மனைவியின் முழுப் பேரை மறந்துவிட்டு, கூட்டத்தைப் பார்த்து உதவி கேட்டார். லம்யோங், தன்னைப் பதிவு செய்த அதிகாரி சாட்சிக் கூலியாக ஒரு வாத்து கேட்டார் என்றும், அந்த வாத்து இதே அறையில் முட்டையிட்டது என்றும் சொன்னாள். பாதி பொய். ஆனால் நல்ல பொய்.

"அடுத்து எங்க அம்மா அப்பா!" கனித்தா ஒலிவாங்கியை நீட்டினாள். "அம்மா, அன்னிக்கு என்ன நடந்துச்சுன்னு சொல்லுங்க. எங்கிட்டகூட நீங்க சொன்னதில்ல."

பிகுன் ஒலிவாங்கியைக் கடைக் கரண்டியைப் பிடிக்கிற மாதிரி லாவகமாக வாங்கிக்கொண்டாள். ரொம்ப சந்தோஷமா இருந்துச்சு, எல்லாரும் நல்லா இருக்கணும் என்று இரண்டு வார்த்தை. அவ்வளவுதான் சொல்வதாக இருந்தாள்.

"இந்த மேஜை அப்ப இங்க இல்ல," என்று ஆரம்பித்தாள். "நீங்க அழகுக்கு ஜன்னல் பக்கம் போட்டுட்டீங்க. அது அந்த மூலையில கதவப் பாத்து இருந்துச்சு."

"ஆமா ஆமா!" என்றன கூட்டத்தில் சில கிழக் குரல்கள்.

"மேல ஒரு காத்தாடி. சுத்தும்போதெல்லாம் கடக் கடக்னு அடிச்சுக்கும். எப்ப கழுத்துல விழுமோன்னு நான் அதையே பாத்துட்டு நிக்கறேன். அந்த அதிகாரி, தங்கப் பல்லு வச்சிருந்தாரே..."

"சொம்ஜாய் ஐயா!" என்று கத்தினார் லம்யோங்கின் வீட்டுக்காரர்.

"அவரேதான். 'பொண்ணு காத்தாடியக் கட்டிக்கப் போறியா, பையனக் கட்டிக்கப் போறியா'ன்னு கேக்கறாரு." கூட்டம் சிரித்தது. சிரிப்பு அவளை இழுத்துக்கொண்டு போனது. நல்லாப் பேசுகிறவர்களுக்கு இது ஒரு ஆபத்து. "பேனாவ எடுத்து நீட்டினாரு. இவரு வாங்கினாரு. கை நடுங்குது. மூடியத் திறக்கல, அப்பிடியே கீழ வச்சுட்டாரு. அதிகாரி ஒண்ணும் சொல்லல, ஊதா மைப்பெட்டிய முன்னால தள்ளிவிட்டாரு. கட்டை விரல வச்சு ஒரு அழுத்து அழுத்தினாரு பாருங்க, மேஜையே ஆடிப்போச்சு! அப்புறம் படித்துறையில உக்காந்து அந்த மைய மணலப் போட்டுத் தேய்ச்சாரு, போகவே இல்ல. போகாட்டிப் போவட்டும், இருந்துட்டுப் போவட்டும்னாரு..."

அங்கே அவள் நின்றாள்.

கூட்டம் நிற்கவில்லை. "கணக்கு வாத்தியாருக்குக் கைநாட்டா!" என்று யாரோ கூவ, அறை அதிர்ந்தது. அவரிடம் படித்து, அவரிடமே அடி வாங்கிய வழுக்கைத் தலைகள் எல்லாம் தொடையில் தட்டிச் சிரித்தன.

கனித்தாவும் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். "அப்பா, நெஜமாவா? பயத்துல கைநாட்டா வச்சீங்க?"

வித்தூன் பிகுனைப் பார்த்தார். அவள் முகம் வெளிறிப்போயிருந்தது. அந்த மைப்பெட்டி நிஜம். அந்தப் படித்துறை நிஜம். அவர் அங்கே இல்லை, அதுவும் நிஜம்.

"அம்மா சொன்னா சரியாத்தான் இருக்கும்," என்றார் ஒலிவாங்கியில்.

கைதட்டல் அடங்க நேரமாயிற்று. அறுபது தாண்டிய வயதில் ஒரு கட்டை விரல்மேல் பொறாமை வரும் என்று யாராவது சொல்லியிருந்தால் வாத்தியார் சிரித்திருப்பார். இப்போது அது வந்துவிட்டது. கூடையை அங்கேயே வைத்துவிட்டுப் பின்பக்கத் தாழ்வாரத்துக்கு நடந்தார். பிகுன் பின்னாலேயே வந்தாள்.

ஆற்றில் தண்ணீர் குறைந்து மணல்திட்டு தெரிந்தது.

"யாரு?" என்றார் வித்தூன்.

"புன்லுவா." அவள் சுற்றி வளைக்கவில்லை. "மேல் ஆத்துல, எங்க கிராமத்துல மணல் தோணி ஓட்டிட்டிருந்தான். எனக்கு அப்பப் பத்தொம்பது வயசு. அவனுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. இங்க வந்து பதிஞ்சோம். மறு மாசமே சவுதிக்குக் கட்டட வேலைக்குப் போயிட்டான். ரெண்டு தடவ கேசட்டுல பேசி அனுப்புனான். அப்புறம் அதுவும் வரல. ஆள் இருக்கானா இல்லியான்னுகூட யாரும் சொல்லல. எங்கப்பா, இத வெளிய சொன்னா வேற எவன் கட்டுவான்னு, வாயத் திறக்க விடல. அட்டையில பேர மாத்தப் போகவே இல்ல. அதான் இன்னும் குமாரி."

"நான் கேட்டப்பல்லாம்..."

"என்ன சொல்ல? ஏற்கனவே ஒருத்தனோட பதிஞ்சவ மறுபடி பதிஞ்சா அது செல்லாது, வாத்தியாரே. விசாரிச்சு வச்சிருக்கேன். உங்க பேர ஒரு செல்லாத காகிதத்துல போட எனக்கு மனசு வரல. சொன்னா நீங்க போயிடுவீங்களோன்னு பயம். அந்தப் பயம் போறதுக்குள்ள கனித்தா பொறந்துட்டா. அப்புறம் சொல்ல வெக்கம்."

"முப்பத்தாறு வருஷம், பிகுன்!" அவர் குரல் உயர்ந்தது. வகுப்பில்கூட அவர் அப்படிக் கத்தியதில்லை. "நீ என்ன நம்பலன்னு நெனச்சேன். என்னிக்காவது கிளம்பிப் போறதுக்கு வழி வச்சிருக்கியோன்னு நெனச்சேன். ஒவ்வொரு வருஷமும் அத முழுங்கிட்டு உன் கடைக்குக் காய் நறுக்கிக் குடுத்தேன்."

பிகுனுக்கு இது புதுசு. வாயைப் பிளந்து அவரைப் பார்த்தாள்.

"நானா? உங்கள விட்டா? எங்க போவேன்?"

"எனக்கெப்பிடித் தெரியும்?"

அவர் பையிலிருந்து நகல்களை எடுத்துக் கைப்பிடிச் சுவர்மேல் வைத்தார். காற்றில் பறக்காமல் இருக்க ஆள்காட்டி விரலால் அழுத்திக்கொண்டார். "இன்னிக்கு இத முடிச்சிடலாம்னு வந்தேன். தவாட்டுகிட்டச் சொல்லி வச்சிருந்தேன். ஆஸ்பத்திரியில உன்னச் சுவரோரமா நிக்க வச்சாங்களே, இன்னொரு தடவ அது நடக்கக் கூடாதுன்னு."

பிகுன் அழுதாள். அவள் அழுது வாத்தியார் பார்த்தது அவளுடைய அப்பாவின் சாவில்தான். அப்போதும் சமையலைப் பார்த்துக்கொண்டேதான் அழுதாள். இப்போதும் ரொம்ப நேரம் அழவில்லை. சின் முனையில் மூக்கைத் துடைத்தாள். மல்லிகையைச் சரி செய்தாள்.

"கோவமா இருக்கீங்களா?"

"இருக்கேன்."

"ரொம்பவா?"

"ஒரு மாசம் இருப்பேன்னு நெனைக்கறேன்."

"சரி, இருங்க. அதுல தப்பில்ல. ஆனா கோவமா இருந்துட்டே எங்கூட வாங்க. இத இன்னிக்கே கேட்டுடுவோம். ஒளிச்சது போதும்."

துணைப் பதிவாளர் தவாட் துப்பாக்கிக் கவுண்டருக்குப் பக்கத்தில் நின்று பொட்டலம் பிரித்துத் தின்றுகொண்டிருந்தான். வாத்தியாரைப் பார்த்ததும் வாயில் இருந்ததை அவசரமாக விழுங்கினான். பக்கத்தில் லம்யோங் இருந்தாள். அவள் எப்போதும் இருப்பாள்.

"தம்பி தவாட்," என்றாள் பிகுன். குரலைத் தாழ்த்தவில்லை. "சின்ன வயசுல ஒருத்தனோட இங்க பதிஞ்சேன். அவன் போனவன் வரல. வாத்தியாரோட பதியணும்னா இப்ப நான் என்ன செய்யணும்?"

தவாட்டின் கையில் இருந்த பொட்டலம் அப்படியே நின்றது. லம்யோங்கின் கண் பௌர்ணமி நிலவு மாதிரி விரிந்துகொண்டே போனது.

"நல்லாக் கேட்டுக்கோ லம்யோங்," என்றாள் பிகுன். "ரெண்டு தடவ சொல்ல மாட்டேன். ஊருக்குச் சொல்றப்ப ஒண்ணும் குறைக்காத, ஒண்ணும் கூட்டாத."

"நான் எதுக்குக்கா சொல்லப் போறேன்?" என்றாள் லம்யோங் பரிதாபமாக.

தவாட் ஒரு முறை செருமிக்கொண்டான். அரசாங்கக் குரல் வந்தது. "ரெண்டு வழி இருக்கு, அம்மா. அவரு எங்கன்னு தெரியலன்னா கோர்ட்டுக்குப் போகணும். விட்டுட்டுப் போய் இத்தன வருஷம் ஆச்சு, கண்டிப்பாக் கிடைக்கும். ஆனா நாளாகும். அவரே வந்து, ரெண்டு பேரும் சம்மதிச்சு, ரெண்டு சாட்சி முன்னால கையெழுத்துப் போட்டா உடனே முடிஞ்சிடும். விவாகரத்துப் பதிவுக்கும் எங்கிட்ட அதிகாரம் இருக்கு. இன்னிக்குன்னு பாத்து யாரும் கேக்க மாட்டாங்கன்னு நெனச்சேன்."

"அவன எங்க போய்த் தேடறது? கோர்ட்டுக்கே போறோம்," என்றாள் பிகுன். "நாளைக்கே போறோம். வாத்தியாரே, உங்க கோவம் தீர்றதுக்குள்ள முடிச்சிடுவோம்."

வித்தூன் அவளைப் பார்த்தார். கோபம் இருந்தது. ஆனால் இத்தனை வருஷமாக உறுத்திக்கொண்டிருந்தது போய்விட்டிருந்தது. அவருக்கே அது ஆச்சரியமாக இருந்தது. நெஞ்சு இலேசாகிவிட்டது என்று டாக்டரிடம் சொன்னால் மாத்திரையால் என்பார்.

"மொதல்ல கனித்தாகிட்டச் சொல்லணும்," என்றார்.

"நானே சொல்றேன். அவ இடிஞ்சுபோற பொண்ணு இல்ல. என் பொண்ணு."

"என் பொண்ணும்தான்."

"அதான் கொஞ்சம் யோசிக்கறேன்," என்றாள் பிகுன். அவள் பழையபடி ஆகிவிட்டாள்.

இருவரும் கிழக்கு அறை வாசலுக்குத் திரும்பினார்கள். உள்ளே பழைய ஜோடிகளின் வரிசை முடிந்து, புது ஜோடிகள் கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டு காத்திருந்தார்கள். கனித்தா மேஜைக்குப் பக்கத்தில் குனிந்து யாரிடமோ பேசிவிட்டு நிமிர்ந்தாள். ஒலிவாங்கியை வாயருகே கொண்டு வந்தாள். அவள் முகத்தில் நல்ல செய்தி சொல்கிறவர்களின் பூரிப்பு.

"எல்லாரும் ஒரு நிமிஷம் கேளுங்க! பழைய ஜோடியில இன்னும் ஒருத்தர் பாக்கி. இந்த ஐயா தனியா வந்திருக்காரு. இப்ப உப்பளத்துப் பக்கம் மகன் வீட்ல இருக்காராம். சொந்தக்காரங்களப் பாக்க வந்த இடத்துல நம்ம ஒலிபெருக்கியக் கேட்டிருக்காரு. இந்த மேஜையிலதான் அவரும் பதிஞ்சாராம். கூடப் பதிஞ்சவங்க பேரு கேட்டா சொல்ல மாட்டேங்கறாரு. அவங்க வந்திருந்தா அவங்களே வரட்டும், வற்புறுத்தக் கூடாதுங்கறாரு." அவள் சிரித்தாள். "எங்க அப்பா மாதிரியே இவரும் கைநாட்டுத்தான் வச்சாராம்!"

யாரும் சிரிக்கவில்லை.

முதலில் முன்வரிசையில் ஒரு பாட்டி திரும்பினாள். அப்புறம் அவள் பக்கத்தில் இருந்தவள். தங்கப்பல் அதிகாரியின் பேரைக் கத்திய லம்யோங்கின் வீட்டுக்காரர், காப்பிக் குவளையைக் கீழே வைத்துவிட்டுத் திரும்பினார். கணக்குத் தெரியாத தலைகள்கூட அந்த ஒரு கணக்கைப் போட்டுவிட்டன. அறை முழுக்க வாசலில் நின்ற பிகுனைப் பார்த்தது.

கடைசியாகக் கனித்தா பார்த்தாள். சிரிப்பு அவள் முகத்தில் கொஞ்சம் கொஞ்சமாகக் கலைந்தது. "அம்மா?" என்றாள். ஒலிவாங்கி இன்னும் வாயருகிலேயே இருந்ததால் அந்த ஒரு சொல் கூடம் வரைக்கும் கேட்டது.

பிகுன் வாசலிலேயே நின்றாள். கோர்ட்டு, வக்கீல், வருஷக்கணக்கு என்று எதற்கும் தயாராக வந்தவள், அந்த ஆள் எதிரில் உட்கார்ந்திருப்பான் என்பதற்கு மட்டும் தயாராக இல்லை. ஓடிவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. எங்கள் ஊரில் பிகுனுக்கு அப்படித் தோன்றியது என்று சொன்னால் ஒருவரும் நம்பமாட்டார்கள்.

அப்போது அவள் முழங்கையை ஒரு கை பிடித்தது.

"வா," என்றார் வித்தூன். "ரெண்டு சாட்சி வேணும்னான்ல? ஒண்ணு நான்."

அவள் திரும்பி அவரைப் பார்த்தாள். அவர் கண்ணாடிக்குள் கண் கலங்கியிருந்தது. குரல் கலங்கவில்லை.

"ரெண்டாவது நான்!" என்று பின்னாலிருந்து லம்யோங்கின் குரல் வந்தது. "யாரும் குறுக்க வராதீங்க, நான்தான் மொதல்ல கேட்டவ!"

கூட்டம் வழி விட்டது. இருவரும் அறையைக் கடந்து போனார்கள். பிகுன் போகிற வழியிலேயே மகளின் கன்னத்தை ஒரு தடவை தொட்டு, "சொல்றேன்டி, எல்லாம் சொல்றேன்," என்றாள். கனித்தா ஒலிவாங்கியை அணைத்துவிட்டு அம்மாவுக்குப் பக்கத்தில் வந்து நின்றுகொண்டாள்.

மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் எழுந்தார். வெயிலில் கறுத்து, தலை முழுக்க நரைத்து, ஒரு காலைச் சாய்த்து நின்றார். பிகுனைப் பார்த்தார். அவள் கையைப் பிடித்திருந்த கையைப் பார்த்தார். வித்தூனை வணங்கினார். வித்தூனும் வணங்கினார்.

"புன்லுவா," என்றாள் பிகுன். அவள் குரல் திரும்பி வந்துவிட்டது, கடையில் ஆர்டர் கேட்கும் அதே குரல். "இவரு என் வீட்டுக்காரர். இவரோட நான் இன்னிக்கே பதியணும். அதுக்கு நீ ஒரு கைநாட்டு வைக்கணும். வைப்பியா?"

"கைநாட்டு எதுக்கு?" என்றார் அவர் மெதுவாக. "இப்ப எனக்கு எழுதத் தெரியும், பிகுன். கையெழுத்தே போடறேன்."

பின்னாலேயே வந்த தவாட் அவசரமாக ஒரு விவாகரத்துப் படிவத்தை மேஜையில் வைத்து, பேனாவின் மூடியைத் திறந்து நீட்டினான். புன்லுவா அதை வாங்கினார். கை நடுங்கவில்லை. ஆனால் பேனாவைக் காகிதத்தில் வைக்காமல், அவளை நேராகப் பார்த்தார்.

"போடறதுக்கு முன்னால எனக்கு ஒண்ணு தெரிஞ்சாகணும். நான் அனுப்புன மூணாவது கேசட்ட யாரு வாங்கினா?"

இரண்டு கேசட்டுக்கு மேல் கையில் வாங்காத பிகுனுக்கு, வாயைத் திறக்க விடாத அப்பாவின் முகம் ஞாபகம் வந்தது.